தொட்டியுள் எழும் அலை

கடற்பாறையில் மரம்போல் நிலைத்துநிற்கும் பவள உயிர்கள் இரைதேடிச் செல்லமாட்டா. உணவையும் உயிர்வளியையும் கொணர்வதும், கழிவை அகற்றுவதும் அலையே. ஆதலின், கண்ணாடித் தொட்டியில் வளரும் பவளத்திற்கும் அலை வேண்டும்.

ஹவாயில் 1904-இல் திறக்கப்பெற்ற வைகிகி கடலுயிர்க் காட்சிச்சாலையில் பணியாற்றிய புரூஸ் கார்ல்சன் என்னும் அறிஞர், இதற்கு எளிய கருவியொன்றை அமைத்தார். வீட்டிலும் அதனைச் செய்யலாம்.

தொட்டிக்கு மேலே ஒரு பீப்பாய். அதனுள் கவிழ்த்த 'ப' வடிவில் ஒரு குழாய். சிறு பம்பு தொட்டிநீரை ஓயாது பீப்பாயில் ஏற்றும். நீர்மட்டம் குழாய் வளைவைக் கடந்ததும், திரண்ட நீர் தொட்டியுள் அலையெனப் பாயும். குழாய்வாயில் காற்றுப் புகுந்ததும் பாய்ச்சல் நிற்கும். பீப்பாய் மீண்டும் நிரம்பும்.

பம்பு ஏற்றுவதினும் விரைவாகக் குழாய் வடித்தல் வேண்டும். இன்றேல் அலை எழாது. பீப்பாய்நீர் முழுவதையும் ஏற்கும் இடம் தொட்டியில் இருத்தல் வேண்டும். இன்றேல் வீடே கடலாகும்!

சிறுகச் சேர்த்துப் பெருக வழங்கும் இப்பீப்பாயே பவளத்தை வாழவைக்கிறது.