வாதம் என்னும் ஒற்றைச் சொல்

மூட்டில் வலி கண்டால் ‘வாதம்’ என ஒரே சொல்லில் முடித்துவிடுவது நம் வழக்கம். வாதம் என்பது வளி. உடலினுள் வளி மிகுந்தால் மூட்டு நோகும் என்பது பழைய மருத்துவக் கொள்கை. ஆயினும், பல நோய்களுக்குப் பொதுப்பெயராய் நின்ற அச்சொல் அவற்றின் வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. ஆகவே அவ்வேறுபாட்டைச் சற்று ஆராய்வோம்.

கீல்வாதம் என்று பலரும் கூறும் ‘கௌட்’ நோய் பெரும்பாலும் இரவில் வரும். காலின் பெருவிரலில் முதலில் வரும். போர்வை பட்டாலும் பொறுக்க இயலாத வலி அது. ஐரோப்பியர் இதனை அரசர் நோய் என்றனர். ஊனும் மதுவும் இதனைத் தூண்டும் என்பது உண்மையே. எனினும் சிறுநீரகம் யூரிக் அமிலத்தைப் போதிய அளவு வெளியேற்றாமையே பெரும்பாலோரிடம் அடிப்படைக் காரணமாகும். ஒரு டெசிலிட்டர் குருதியில் ஏறத்தாழ 6.8 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் அவ்வமிலம் ஊசிபோன்ற படிகங்களாய்ப் படியக்கூடும். குளிர்ந்த இடத்தில் அது எளிதில் படியுமாதலால், உடலின் கடைக்கோடியாகிய கால்விரல் முதலில் அகப்படுகிறது. 1848இல் ஆல்பிரட் காரட் இந்நோயாளரின் குருதியில் அவ்வமிலம் மிகுந்திருத்தலைக் காட்டினார். 1961இல் மெக்கார்ட்டியும் ஹாலண்டரும் மூட்டு நீரிலேயே படிகங்களை நுண்ணோக்கியால் கண்டனர். வலி உச்சத்தில் இருக்கும்போது குருதிச் சோதனை இயல்பான அளவைக் காட்டுதலும் உண்டு. அதனை நம்பி நோயில்லை என்று எண்ணுவோர் பலர்.

முடக்குவாதம் வேறு. உடலின் எதிர்ப்பாற்றலே மூட்டின் உட்சவ்வைத் தாக்குவதால் விளையும் அழற்சி அது. இரு கைகளின் சிறுமூட்டுகளும் ஒருங்கே வீங்கும்; காலையில் விரல்களை மடக்க ஒரு மணி நேரத்திற்கு மேலும் ஆகும்.

இடுப்பு மூட்டில் கௌட் அரிது. இலியம், இஸ்கியம், பியூபிஸ் என்னும் மூன்று எலும்புகள் கூடுமிடத்தில் கிண்ணம்போல் ஒரு குழி உண்டு. தொடையெலும்பின் உருண்டைத் தலை அதனுள் பொருந்திச் சுழல்கிறது. குழியின் விளிம்பைச் சூழ்ந்த குருத்தெலும்பு வளையம் அதனை மேலும் ஆழமாக்குகிறது. ஆழத்தில் புதைந்த மூட்டாதலின் வீக்கம் கண்ணுக்குப் புலப்படாது. வலி தொடையிடுக்கில் தோன்றும். சிலருக்கு முழங்காலில் மட்டுமே தோன்றும், இரண்டிற்கும் செல்லும் நரம்புகள் பொதுவாதலால். நாம் ‘இடுப்பு வலி’ என்பதோ பெரும்பாலும் முதுகின் அடிப்பகுதி வலியே! சொல் இங்கும் நம்மை ஏமாற்றுகிறது.

இம்மூட்டை இளமையிலேயே கெடுக்கவல்லது தண்டுவட மூட்டழற்சி. பெரும்பாலும் நாற்பத்தைந்து வயதுக்குள் தொடங்கும் இந்நோயில் ஓய்வு வலியைக் கூட்டும். நடை அதனைக் குறைக்கும். நம் மாணவர் ஒருவர் சம்மணமிட்டு அமர இயலாமல் வகுப்பின் பின்வரிசையில் நின்றே பாடம் கேட்டார். பளு தூக்கியதால் வந்த பிடிப்பு என்று வீட்டார் கருதி, மூன்றாண்டுகள் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துப் படுக்கவைத்தனர். படுக்கப் படுக்க வலி மிகுந்தது. இடுப்பைப் படமெடுத்துப் பார்த்தபோது வலப்புறத்துக் குருத்தெலும்பு பெரிதும் தேய்ந்துபோயிருந்தது. இப்போது மருந்தும் நாள்தோறும் நீச்சலுமாக இருக்கிறார். இடப்புற மூட்டு இன்னும் காக்கப்பட்டுள்ளது.