தலைக்கு எத்தனை டன்? – ஐரோப்பிய நாடுகளின் கரியமில வாயுக் கணக்கு

நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவை எரியும்போது அவற்றிலுள்ள கார்பன் காற்றிலுள்ள பிராணவாயுவுடன் கூடிக் கரியமில வாயுவாகிறது. 12 கிலோ கார்பன் முற்றும் எரிந்தால் 44 கிலோ கரியமில வாயு உண்டாகும். ஒரு நாட்டில் ஓராண்டில் இவ்வாறு வெளியாகும் வாயுவின் எடையை அந்நாட்டு மக்கள் தொகையால் வகுத்துக் கிடைப்பதே தலைக்குரிய சராசரி ஆகும்.

மேலை ஐரோப்பாவில் இச்சராசரி பெரிதும் இறங்கியுள்ளது. பிரிட்டனில் 1970-களின் தொடக்கத்தில் 11 டன்னுக்கு மேலிருந்தது, 2023-இல் சுமார் 4½ டன்னாயிற்று. பிரான்ஸில் 1973-இல் ஏறத்தாழ 10 டன்னாக இருந்தது, இன்று 4 டன் அளவில் நிற்கிறது. ஜெர்மனியில் 1990-இல் சுமார் 13 டன். 2023-இல் 7 டன்.

இறக்கம் ஒன்றாயினும் காரணங்கள் வேறு வேறு. பிரிட்டன் நிலக்கரியை விட்டு வடகடல் எரிவாயுவையும், பின்னர்க் காற்றாலைகளையும் நாடியது. அதன் கடைசி நிலக்கரி மின்நிலையம் 2024 செப்டம்பரில் மூடப்பட்டது. பிரான்ஸ், 1973-ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் அணுமின் நிலையங்களைப் பெருக்கியது. ஜெர்மனியிலோ, 1990-இல் நாடு இணைந்தபின் கிழக்குப் பகுதியின் பழைய ஆலைகள் பல மூடப்பட்டன. வெளிநாட்டில் செய்து இறக்குமதியாகும் பொருள்களின் வாயு, அவற்றைச் செய்த நாட்டின் கணக்கிலேயே சேரும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

இந்தியாவின் சராசரி சுமார் 2 டன். ஆயினும் சராசரி வேறு, தனி மனிதன் வேறு. சித்தூர் மாவட்டத்துக் கங்காதர நெல்லூரில் நால்வர் வாழும் வீடொன்றைக் கொள்வோம். 14.2 கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் சுமார் 42 கிலோ கரியமில வாயு உண்டாகும். ஆண்டிற்கு ஆறு உருளைகள் எனில் 252 கிலோ. மாதம் 100 யூனிட் மின்சாரம் செலவானால், யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ வீதம் ஆண்டிற்கு 840 கிலோ. இரண்டையும் கூட்டி நான்கால் வகுத்தால் தலைக்கு 273 கிலோ; அதாவது கால் டன்னுக்குச் சற்றே மிகுதி. எஞ்சியதில் பெரும்பகுதி ஆலைகள், சிமெண்டு, இரும்பு, வாகனங்கள் முதலியவற்றால் வருவது.

இவ்வட்டாரத்தில் கரும்புச் சக்கையை எரித்து வெல்லம் காய்ச்சுவர். அவ்வாயு இக்கணக்கில் சேராது. கரும்பு வளரும்போது காற்றிலிருந்து பெற்றதையே அது திருப்பித் தருகிறது.

ஆசிரியர்கள் இக்கணக்கை மாணாக்கரின் சொந்த வீட்டு அளவுகளைக் கொண்டு செய்விக்கலாம். களப்பணியாளர்களும் நாட்டின் சராசரியைச் சிற்றூர்க் குடியானவரின் தலையில் சுமத்தாது, அவர் உண்மையில் செலவிடும் எரிபொருளை அறிந்தே அறிவுரை கூறுதல் தகும்.