பகுப்பி ஆக்கியும் சோதனைப் பதிப்பும்

கணினிக்கு இடப்படும் கட்டளைகள் உரிய மொழியின் இலக்கணத்திற்கு இயைந்துள்ளனவா என ஆராயும் நிரலைப் 'பகுப்பி' என்பர். இலக்கண விதிகளை எழுதிக் கொடுத்தால் பகுப்பியைத் தானே இயற்றித் தரும் கருவி 'பகுப்பி ஆக்கி' ஆகும். 1970களில் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டீபன் ஜான்சன் உருவாக்கிய 'யாக்' இவ்வகையில் புகழ்பெற்றது. 1985இல் ராபர்ட் கார்பெட் எழுதிய 'பைசன்', பின்னர் யாக்குடன் இணக்கமுடையதாக்கப்பட்டு, மூலநிரலை அனைவருக்கும் திறந்துவைக்கும் குனூ திட்டத்தின் கருவியாயிற்று. போஸ்ட்கிரஸ் தரவுத்தளம் தனக்கு வரும் வினவல்களைப் பகுக்க இதனையே பயன்படுத்துகிறது.

சாதாரண நிரலில் நேரும் பிழை பெரும்பாலும் அந்நிரலோடு நிற்கும். ஆக்கியில் நேரும் பிழையோ, அது இயற்றும் பகுப்பிகள் பலவற்றிலும் பரவக்கூடும். பல்லாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இலக்கணத்தைப் புதிய பதிப்பு ஏற்க மறுக்கவும் கூடும். ஆக்கியோர் தம்மிடமுள்ள சில கணினிகளைக் கொண்டே இவை யாவற்றையும் கண்டறிதல் இயலாது. ஆகவேதான் முறையான வெளியீட்டிற்கு முன் சோதனைப் பதிப்பு வெளியிடப்படுகிறது.

இதனை முடிவான பதிப்பென எவரும் மயங்காதிருக்க, தனி எண்ணும் தனி இடமும் அளிக்கப்படுகின்றன. 2021இல் பைசன் 3.8 வெளிவருமுன் 3.7.90 என்ற சோதனைப் பதிப்பு வந்தது இம்முறையிலேயே ஆகும். குறை கண்டோர், அதனை மீண்டும் தோற்றுவிக்கும் மிகச் சிறிய இலக்கணத்தையும், கணினி, தொகுப்பி ஆகியவற்றின் விவரங்களையும் உடன் அனுப்புதல் வேண்டும்.

மூலநிரல் திறந்திருப்பது மட்டுமே தரத்திற்கு உறுதியாகாது. வெளியீட்டிற்கு முன்பே அதனைத் தம் பணியில் இயக்கிப் பார்ப்போரும் இருத்தல் இன்றியமையாதது.