தூது ஆர்.என்.ஏ. எழுதுவது எப்படி? முதலில் முனை, பிறகு எழுத்து

பிளஸ் டூ தேர்வுக்கும் நீட்டுக்கும் படிக்கும் பிள்ளைகள் இந்தக் கணக்கில் எழுத்துகளைச் சரியாகவே போடுகிறார்கள், திசையில்தான் கோட்டைவிடுகிறார்கள். நம் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலிக்கான மரபணுவிலிருந்து ஒரு சிறு துண்டை எடுத்துச் செய்து பார்ப்போம்.

கேள்வி: வார்ப்புரு இழை 5′ சிடிசி ஏஜிஜி ஏஜிடி 3′. தூது ஆர்.என்.ஏ. என்ன?

1. எந்த இழை என்று பாருங்கள். குறியீட்டு இழை கொடுத்திருந்தால் வேலை சுலபம்: ‘டி’ வரும் இடத்தில் ‘யு’ போட்டால் போதும். இங்கே கொடுத்திருப்பது வார்ப்புரு இழை.

2. முனைகளைக் குறியுங்கள். வார்ப்புரு இழை 3′ முனையிலிருந்து வாசிக்கப்படுகிறது, ஆர்.என்.ஏ. 5′ முனையிலிருந்து வளர்கிறது. சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் தாம்பரம் ரயிலும் செங்கல்பட்டு ரயிலும் பக்கத்துப் பக்கத்துத் தண்டவாளத்தில் எதிரெதிராகப் போவதுபோலத்தான் இந்த இரண்டும்.

3. 5′ இடப்பக்கம் இருந்தால் இழையைத் திருப்பி எழுதுங்கள். ஒவ்வோர் எழுத்தாகக் கடைசியிலிருந்து: 3′ டிஜிஏ ஜிஜிஏ சிடிசி 5′.

4. இப்போது இணை எழுத்துகளைப் போடுங்கள். ஏ-க்கு யு, டி-க்கு ஏ, ஜி-க்கு சி, சி-க்கு ஜி. ஆர்.என்.ஏ.வில் தைமின் இல்லை. அதன் இடத்தில் யுராசில். விடை: 5′ ஏசியு சிசியு ஜிஏஜி 3′.

5. சரிபாருங்கள். எழுத்துகளின் எண்ணிக்கை பொருந்துகிறதா? எங்காவது ‘டி’ தங்கிவிட்டதா? பிறகு கோடான் அட்டவணையில் தேடுங்கள்: திரியோனைன், புரோலைன், குளுட்டாமிக் அமிலம். பீட்டா சங்கிலியின் 4, 5, 6-ஆம் அமினோ அமிலங்கள் இவையே.

மூன்றாம் படியை விட்டுவிட்டு இடமிருந்து வலமாகவே எழுதியிருந்தால் ஜிஏஜி யுசிசி யுசிஏ என்று வந்திருக்கும். பார்வைக்குக் குறையே தெரியாது. ஆனால் அதை 5′ முனையிலிருந்து தொடங்குவதாக வாசித்தால் கிடைப்பது குளுட்டாமிக் அமிலம், செரைன், செரைன். வேறொரு புரதத் துண்டு. பல விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேர்வில் இந்தத் தவறான விடையும் ஒரு வாய்ப்பாக நிற்கும்.

அடுத்ததை நீங்களே செய்யுங்கள்: வார்ப்புரு இழை 5′ சிஏசி ஏஜிஜி ஏஜிடி 3′. விடை 5′ ஏசியு சிசியு ஜியுஜி 3′ என்று வர வேண்டும். முந்தைய இழையில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அதனால் 6-ஆம் இடத்தில் குளுட்டாமிக் அமிலம் போய் வாலின் வந்துவிட்டது. பெற்றோர் இருவரிடமிருந்தும் இந்த மாற்றத்தைப் பெறும் குழந்தைக்கு வருவது அரிவாள் செல் சோகை. இந்த மரபணு மாற்றம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இருப்பதை லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் 1952-இல் வெளியிட்டார்கள். எழுத்துக்கு எழுத்து நிதானமாக எழுதிப் பழகுங்கள். மதிப்பெண்ணும் வரும், ஒரு நோயின் வேரும் புரியும்.