ஒரு லிட்டர் டீசலுக்கு எத்தனை யூனிட்?

அம்பத்தூர் எஸ்டேட்டிலோ திருமழிசையிலோ பட்டறை நடத்துபவர்களுக்குப் பராமரிப்பு மின்தடை பழகிப்போன ஒன்று. காலை 9 மணிக்குப் போகும் கரண்ட் மதியம் 2 மணிக்கு வரும். அதுவரை ஜெனரேட்டர்தான் கதி. செட்டுக்குப் பக்கத்தில் தொங்கும் லாக் புக்கைப் புரட்டினால் ஓடிய மணி இருக்கும், ஊற்றிய லிட்டர் இருக்கும். உற்பத்தியான யூனிட் பெரும்பாலும் இருக்காது. சிக்கனம் அந்த விடுபட்ட கட்டத்தில்தான் தொடங்குகிறது.

டேங்கை ஒரு குறி வரை நிரப்புங்கள். ஓடத் தொடங்குமுன் பேனலில் உள்ள யூனிட் மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். செட் நின்றதும் அதே குறி வரை மறுபடி ஊற்றி, ஊற்றிய லிட்டரால் யூனிட்டை வகுத்துவிடுங்கள். ஒரு லிட்டர் டீசலுக்குள் இருக்கும் வெப்பம் ஏறத்தாழ 10 யூனிட். ஆகவே லிட்டருக்கு 3.5 யூனிட் வந்தால் திறன் 35 சதவீதம், 2.5 வந்தால் 25. டீசல் லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால், முன்னதில் யூனிட் 26 ரூபாய், பின்னதில் 37 ரூபாய் ஆகிறது.

நூறு சதவீதத்துக்கு ஆசைப்பட வேண்டாம். வெப்பத்திலிருந்து வேலை வாங்கக் குளிர்ந்த பக்கம் ஒன்று இருந்தே தீரவேண்டும், கிடைக்கும் வேலைக்கும் ஒரு வரம்பு உண்டு என்று 1824-லேயே பிரெஞ்சுப் பொறியாளர் சாடி கார்னோ காட்டிவிட்டார். அவர் வழியில் கணக்குப் போட்டு டீசல் எஞ்சினை உருவாக்க இறங்கிய ருடால்ஃப் டீசலுக்கு 1897-ல் ஆக்ஸ்பர்கில் கிடைத்தது சுமார் 26 சதவீதம். அன்றைக்கு அது பெரும் சாதனை. இன்று கப்பல்களில் மெதுவாகச் சுழலும் ராட்சத எஞ்சின்களே 50 சதவீதத்தை ஒட்டித்தான் நிற்கின்றன. பட்டறை செட்டில் 35-ஐத் தாண்டினாலே நல்ல மகசூல். காந்தம், மாத்திரை, தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் என்று யாராவது விற்க வந்தால் தண்ணீரில் மூலிகை போட்டு எரிபொருள் செய்வதாகக் கிளம்பிய 1996-ன் மூலிகை பெட்ரோல் பரபரப்பை நினைவுபடுத்தி அனுப்பிவையுங்கள். தண்ணீர் என்பது ஏற்கெனவே எரிந்து முடிந்த ஹைட்ரஜன்.

மீட்கக்கூடிய பெரிய நஷ்டம் லோடில் இருக்கிறது. 125 கேவிஏ செட் 100 கிலோவாட் தரக்கூடியது. அதில் 20 கிலோவாட்டை மட்டும் ஏற்றி ஓட்டினாலும் உராய்வு, ஃபேன், பம்ப் எல்லாம் தங்கள் பங்கைக் குறையாமல் எடுத்துக்கொள்ளும். வேலை குறைவாக நடந்தாலும் வாடகை முழுசாகத்தான். அதோடு சிலிண்டர் போதிய சூடேறாமல் டீசல் அரைகுறையாக எரிந்து, சைலன்சர் மூட்டில் கறுப்பாக எண்ணெய் கசியும். அந்தக் கசிவைக் கண்டால் மெக்கானிக்கைக் கூப்பிடுமுன் லோடைப் பாருங்கள். 30 சதவீதத்துக்குக் கீழே நெடுநேரம் ஓட்டவே கூடாது. 70 முதல் 80 சதவீதம் சரியான இடம். மின்தடை நாளன்று வேலையை ஐந்து மணி நேரத்துக்கும் மெல்லப் பரப்பாமல், கம்ப்ரசரையும் பெரிய மெஷின்களையும் இரண்டு மணி நேரத்துக்குள் நெருக்கி ஓட்டிவிட்டு, மீதி நேரத்துக்கு விளக்கு, கம்ப்யூட்டர் அளவுக்குச் சின்ன செட்டோ யூபிஎஸ்ஸோ வைத்துக்கொள்ளுங்கள்.

லோடு சமமாகப் பிரிந்திருக்கிறதா என்று அறிய, டாங் டெஸ்டரை ஆர், ஒய், பி மூன்று ஃபேஸிலும் ஒருமுறை மாட்டிப் பாருங்கள். வித்தியாசம் செட்டின் கொள்ளளவில் 10 சதவீதத்தைத் தாண்டினால் சிங்கிள் ஃபேஸ் லோடுகளை இடம் மாற்ற எலக்ட்ரீஷியனிடம் சொல்லுங்கள். அரை நாள் வேலை.

அடுத்து காற்று. தகரக் கொட்டகைக்குள் செட்டை வைத்து, ரேடியேட்டரின் முகத்தை காம்பவுண்ட் சுவரை ஒட்டித் திருப்பியிருந்தால், வெளியே தள்ளிய சூடான காற்றையே எஞ்சின் திரும்ப இழுக்கும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. ஆக்சிஜன் பற்றாமல் புகை கருக்கும். தகர டக்ட் ஒன்று போட்டு வெப்பக் காற்றை வெளியேற்றுங்கள். கிரைண்டிங் தூசி பறக்கும் இடங்களில் ஏர் ஃபில்டரைக் கையேடு சொல்வதைவிடச் சீக்கிரமே மாற்ற வேண்டிவரும்.

ஒரு பழக்கத்தை மட்டும் கண்டிப்பாக நிறுத்துங்கள். எஞ்சின் சூடாகிறது என்றதும் சில மெக்கானிக்குகள் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசிவிடுவார்கள். முள் இறங்கும், மனமும் குளிரும். ஆனால் சிலிண்டர் சுவர் குளிர்ந்தால் வேலையாக மாறவேண்டிய வெப்பம் தண்ணீருக்குப் போகிறது. ஆயில் தடித்து உராய்வும் கூடுகிறது. சூட்டுக்குக் காரணம் அடைத்த ரேடியேட்டரா, தளர்ந்த பெல்ட்டா என்று பார்த்துச் சரிசெய்து, தெர்மோஸ்டாட்டைத் திரும்ப மாட்டச் சொல்லுங்கள். நாசிலை உரிய பிரஷரில் டெஸ்ட் செய்து வாங்குங்கள். டைமிங்கைக் காதால் கேட்டுத் திருப்ப விடாதீர்கள். 2023 ஜூலைக்குப் பின் வந்த சிபிசிபி 4+ புகைக் கட்டுப்பாட்டு விதிப்படியான செட்டுகளில் கை வைக்கவே வேண்டாம்.

இவ்வளவும் செய்தபின் மிஞ்சுவது வெப்பம். டீசலின் ஆற்றலில் சுமார் மூன்றில் ஒரு பங்கு புகையோடும், கால் பங்கு ரேடியேட்டர் தண்ணீரோடும் போகிறது. மாதம் ஐந்து மணி நேரம் ஓடும் செட்டுக்கு இதைத் துரத்துவது வீண் செலவு. தினமும் ஓட்டுகிற பிளேட்டிங், பாஸ்பேட்டிங் பட்டறைகளுக்குக் கதை வேறு. டிகிரீசிங் தொட்டியை ஹீட்டர் வைத்துச் சூடாக்குவதற்குப் பதில், எஞ்சின் தண்ணீரைத் தகட்டு வெப்பப் பரிமாற்றி வழியாகச் சுற்றவிடலாம். கூலண்ட் தொட்டித் தண்ணீரோடு கலக்கக்கூடாது. புகைக்குழாயில் பாய்லர் பொருத்துவதாக இருந்தால் பின்னழுத்தம் செட் தயாரிப்பாளர் சொன்ன அளவைத் தாண்டாமலும், புகை 180 டிகிரிக்குக் கீழே இறங்காமலும் வடிவமைக்கச் சொல்லுங்கள். அதற்கும் கீழே போனால் கந்தக அமிலம் குழாய்க்குள் வியர்த்து, தகட்டை அரிக்கத் தொடங்கிவிடும்.