கிணத்துக்கு வேலி போட எவ்வளவு எடுத்து வைக்கணும்?

பொங்கலுக்குக் கீழ்பென்னாத்தூர் போயிருந்தேன். எங்க நிலத்துக் கிணறு தரையோட தரையா இருக்கும், கைப்பிடிச் சுவரே கிடையாது. மூணு வயசு அக்கா பையனை ஒரு நிமிஷம் காணோம். தேடினா, கிணத்து ஓரத்துல நின்னு கல்லு போட்டுட்டு இருக்கான். அவனுக்கு ஹெல்த் இன்சூரன்ஸ் எடுத்துக் கொடுத்த ஆடிட்டர் மாமா, வேலியை மட்டும் யோசிக்கவே இல்ல.

கணக்குக்கு வருவோம். கிணறு 20-க்கு 20 அடி. 4 அடி தள்ளிப் போட்டா ஒரு பக்கம் 28 அடி, மொத்தம் 112 அடி. 7 அடிக்கு ஒரு கல்லுக்கால்னா 16 கால். இந்த அளவைச் சொல்லி ரெண்டு பேர்கிட்டயாவது கொட்டேஷன் வாங்குங்க.

மிச்சம் பிடிக்கிறேன்னு 4 அடி கம்பி வலை போட்டுடாதீங்க. வலை ஓட்டையில கால் வெச்சுக் குழந்தை ஏறிடும். நீச்சல் குளத்துக்கு வேலி கட்டாயமா இருக்கிற ஆஸ்திரேலியாவுல நேர்க்கம்பி வேலிக்கு 1.2 மீட்டர் போதும். ஏறக்கூடிய வலைன்னா 1.8 மீட்டர், அதாவது 6 அடி. கம்பிகளுக்கு நடுவுலயும் வேலிக்கு அடியிலயும் 10 செ.மீ-க்கு மேல இடைவெளி கூடாது. கேட் தானா மூடிக்கணும். நம்ம கிணத்துக்கும் இதே அளவை வெச்சுக்கலாம்.

கிராமத்து விவசாய நிலத்தை வித்தா கேபிடல் கெயின்ஸ் வரி இல்ல, அதனால இந்த பில் வரிக்கு உதவாது. வீட்டு மனையில போட்ட நிரந்தர வேலின்னா, விக்கும்போது மேம்பாட்டுச் செலவாக் காட்டலாம். பில்லை பத்திரமா வைங்க.

பணத்துக்கு பர்சனல் லோன் வேண்டாம். எமர்ஜென்சி ஃபண்டையும் தொடல; மூணு மாசம் எஸ்ஐபியை நிறுத்தியிருக்கேன். கல்லுக்கால் நேத்து வந்து இறங்கிடுச்சு.