உப்புத்தாளை எந்த நம்பரில் நிறுத்துவது?

"நம்பர் ஏற ஏற வேலை நன்றாக வரும்"

சென்ற ஆண்டு எங்கள் வீட்டுத் தேக்கு ஊஞ்சல் பலகையை நானே தேய்த்தேன். 220-இல் நிறுத்த மனம் வரவில்லை. 320, 400, 600 என்று இன்னும் நுண்ணிய தாள்களுக்குப் போய்க்கொண்டே இருந்தேன். பலகை கண்ணாடி போல வழுவழுத்தது. ஆனால் ஸ்டெய்ன் என்னும் நிறப்பூச்சைத் தடவியதும் நடுப்பகுதி வெளிறி நின்றது; அறுத்த முனைகள் மட்டும் கறுத்துப் போயின. பாலிஷ் போட வந்த மேஸ்திரி விரலால் ஒருமுறை தடவிவிட்டு, "ரொம்ப தேச்சிட்டீங்க சார், கலர் எதுல பிடிக்கும்?" என்றார். மறுபடி 180 போட்டு மரத்தின் துளைகளைத் திறந்துவிட்ட பிறகுதான் அவரால் வேலையைத் தொடங்க முடிந்தது.

மிக நுண்ணிய தாள் மரத்தைச் சுரண்டுவதைவிட மெருகேற்றத் தொடங்கிவிடுகிறது. ஸ்டெய்னில் உள்ள நிறமி தங்குவதோ சின்னக் கீறல்களிலும் மரத்தின் துளைகளிலும்தான். கீறலை அழித்துவிட்டால் நிறம் தங்க இடமில்லை.

ஆகவே எங்கே நிறுத்துவது என்பதை அடுத்து வரும் பூச்சே முடிவு செய்கிறது. சீலர், வார்னிஷ், பியூ (பாலியூரிதேன்) போல மேலே படலமாக நிற்பவற்றுக்கு 180 அல்லது 220 போதும். கை தொடப்போவது அந்தப் படலத்தைத்தான். ஆளிவிதை எண்ணெய் மட்டும் தேய்ப்பதானால் கை மரத்தையே தொடும். 320, 400 வரை போகலாம். அறுத்த முனையில் மரத்தின் குழல்கள் வாய் திறந்திருப்பதால் நிறத்தைக் குடித்துத் தீர்க்கும். அங்கே மட்டும் முகப்பைவிட ஓரிரு படி நுண்ணிய தாள் வரை போனால் நிறம் ஏறக்குறைய ஒத்துவரும்.

"80-க்குப் பிறகு நேரே 220 போட்டால் நேரம் மிச்சம்"

80 தாளின் துகள் சுமார் 200 மைக்ரான். 220-இல் சுமார் 68. சின்னத் துகள் பெரிய பள்ளத்தின் கரையை மழுக்கும், அடிவரை இறங்க வெகுநேரமாகும். விரலுக்கு எதுவும் தெரியாது. நிறம் ஏறியதும் அந்தப் பள்ளங்கள் கோடுகோடாக வெளியே வரும். 80, 120, 180, 220 என்று படிப்படியாகப் போவதே சீக்கிரம் முடியும். ஒவ்வொரு படியிலும் பலகை முழுக்கப் பென்சிலால் லேசாகக் கிறுக்கி, அது அழியும்வரை தேயுங்கள். தாள் மாற்றுமுன் தூசியைத் துடையுங்கள். உதிர்ந்த முரட்டுத் துகள் ஒன்று கிடந்தாலும் புதிதாகக் கீறும். பிறகு அறை விளக்கை அணைத்து, டார்ச்சைப் பலகையோடு படுக்கவைத்து அடித்தால் மிச்சமிருக்கும் ஒவ்வொரு கீறலும் நிழலோடு தெரியும்.

"400 என்றால் எல்லாத் தாளும் ஒன்றே"

தாளின் முதுகைப் பாருங்கள். 'பி' எழுத்தோடு இருந்தால் ஐரோப்பிய அளவு, வெறும் எண் என்றால் பெரும்பாலும் அமெரிக்க அளவு. 220 வரை பெரிய வித்தியாசமில்லை. பி400 துகள் 35 மைக்ரான். அமெரிக்க 400 சுமார் 23, அதாவது பி800-க்குப் பக்கம். ஒரே வேலைக்கு இரண்டையும் கலந்து வாங்காதீர்கள்.

"வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்த்தால் மரம் வழுவழுப்பாகும்"

வெற்று மரத்தில் தண்ணீர் பட்டால் நார் எழும்பும். வாட்டர் பேப்பர் என்னும் அந்தக் கறுப்புத் தாளை நனைத்துப் போடுவது, நன்றாகக் காய்ந்த பூச்சின் மேல். தண்ணீர் கலந்த பூச்சு அடிக்கப் போகிறீர்கள் என்றால், ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து, காயவிட்டு, எழும்பிய நாரை 220-ஆல் லேசாக வருடிவிடுங்கள்.

"நுண்தாளில் தூசியே இல்லை"

இருக்கிறது, கண்ணுக்குத் தெரிவதில்லை. மரத்தூசி மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. மூக்கும் அதையொட்டிய எலும்புக் குழிகளும் பாதிக்கப்படும். எங்கள் மேஸ்திரி தோள் துண்டைத்தான் மூக்கில் கட்டிக்கொண்டார். நுண்தூசி அதில் புகுந்து வரும். தாள் வாங்கும்போதே, தேய்ப்பவர் யாராக இருந்தாலும் அவருக்கு ஒரு என்95 முகக்கவசமும் வாங்கிவிடுங்கள்.